அகோசோம்போவில் நான் கொடுத்த தண்ணீர்

2009 ஓகஸ்ட். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மனைவி கேட்டாள்: "சண்டை முடிஞ்சும் எங்கட சனம் முகாமில கிடக்குது. உங்களுக்கு இப்ப ஆபிரிக்காவில அணைக்கட்டுப் பாக்கவேணுமோ?"

"ஓம், வேணும்" என்றேன். நான் மின்சார வேலை செய்பவன். கூட வேலை செய்யும் கானாக்காரன் கோஃபி தன் ஊர்க் கதையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிளப்பித் தன்னோடு கூட்டிப்போனான். ஆசை பாதி, பிடிவாதம் பாதி.

தலைநகர் அக்ராவில் இருந்து அகோசோம்போ நூறு கிலோமீற்றர். வான் வண்டிக்கு அந்த ஊர்க் காசில் மூன்று சீடி. வோல்டா ஆற்றைக் கல் குவித்து மறித்திருக்கிறார்கள். பின்னால் கண்ணுக்கு எட்டும்வரை ஏரி. அதன் அடியில் கோஃபியின் பழைய ஊர்.

அவனுடைய அக்கா அமா அணைக்குப் போகும் வீதியோரம் பொடிமீன் பொரித்து விற்கிறாள். கடைக்குப் பின்னால் வீடு. தண்ணீர் ஏறியபோது அவள் சின்னப் பிள்ளை. அவள் ஆங்கிலம் எனக்கு எங்கள் தமிழாகவே கேட்டது.

"அப்ப லைற் வரும் எண்டு எங்களை ஊரைவிட்டு எழுப்பினாங்கள். இப்ப வீதியை அகலிக்கவேணுமாம். நான் எழும்பமாட்டன்."

மறுநாள் காலை வீதி அதிகாரி வந்தார். அமா கதிரை கொடுத்தாள். அதோடு சரி, மீனைப் புரட்டத் தொடங்கிவிட்டாள். மனிதர் வேர்த்து ஒழுகியும் வாய் திறக்கவில்லை. என் கை சும்மா இருக்குமா? குவளையில் தண்ணீர் வார்த்து நீட்டினேன்.

கோஃபி தலையில் கை வைத்தான். "கெடுத்துப்போட்டாய், மச்சான்!"

அந்த ஊர் வழக்கப்படி வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர். அவர் குடித்தபின் வீட்டார்தான் என்ன விஷயம் என்று கேட்கவேண்டும். கேட்காமல் அவர் சொல்லக்கூடாது. தண்ணீர் கொடுக்காமலே அமா அவரை முன்பு இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அமா கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "தண்ணி குடுத்தது நீ. நீயே கேள்."

கேட்டேன். மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். பதிலை எதிர்பார்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அமாவின் முகத்தில் பயத்தை அப்போதுதான் கண்டேன். அந்த நேரம் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"ஏலாது!" என்று தமிழிலேயே கத்தினேன். சித்திரை முழுக்க லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தி அடைத்துப்போன குரல்தான். அங்கே ஒருவரும் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்தே வந்தது.

அமா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று தன் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு கோஃபி அதையே சொன்னான். மீன் வாங்க நின்ற பெண்களும் சொன்னார்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

அதிகாரி எழுந்தார். "திரும்பி வருவன்" என்றார்.

"வாங்கோ" என்றாள் அமா. "இனித் தண்ணி நானே தாறன்."