குரிச்சிபாவில் இருபத்தெட்டு மீன்கள்

போன மாதம் பிரேசிலில் ஒரு பூங்காக் காவலரிடம் பிடிபட்டேன். குற்றம் — கையில் உயிர் மீன்.

அவசரப்படாதீர்கள். முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குரிச்சிபா. பெயரைக் கேட்டால் கல்லிடைக்குறிச்சிக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி இருக்கிறது. ஆனால் நாங்கள் இருக்கும் ரங்கூனிலிருந்து மூன்று விமானம் மாறிப் போகவேண்டும். என் மகன் செந்தில் அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவி பாக்கியமும் ஐந்து நாள் அவனோடு தங்கினோம்.

பச்சைப் பசேலென்ற ஊர். யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப் ஒரு கண்ணாடிக் குழாய். பஸ் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, தரையும் பஸ்ஸும் ஒரே மட்டம்... ஹாலிலிருந்து ரூமுக்குப் போவது மாதிரி நடந்து ஏறுகிறோம். ரங்கூனில் சூலே பகோடா முன்னால் ஓடி ஓடி பஸ் பிடித்தே முட்டி தேய்ந்தவன் நான். இவ்வளவு மரியாதை கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வெள்ளத் தண்ணீர் தங்குவதற்கென்றே ஆற்றோரம் இடம் விட்டு, அதை ஏரியாக்கி, சுற்றிலும் பூங்கா வைத்திருக்கிறார்கள். ரங்கூனில் எங்கள் பேட்டை கியாக்டடாவிலும் மழைத் தண்ணீர் தங்க இடம் உண்டு. ரோடு என்று சொல்வோம்.

பாக்கியம் இதில் எதையும் பார்க்கவில்லை. அவள் போனது ஊர் பார்க்கவா? மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு வர!

நாலு வருஷமாக அவன் ரங்கூன் பக்கம் வரவில்லை. வருவது சுலபம். ஆனால் பர்மாவில் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற காலத்தில், அந்த வயதுப் பையனைத் திரும்ப வெளியே போக விடுவார்களா? இது பாக்கியத்துக்கும் தெரியும். தெரிந்தும், "ஒரு மாசம்தானேடா... யாருக்குத் தெரியப் போவுது?" என்று காலையும் மாலையும் அரித்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, டிக்கெட் போடுறேன்" என்றான்.

நான் வேண்டாம் என்று கத்தியிருக்க வேண்டும். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்... பயந்தாங்கொள்ளி நான், சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் அவனுக்குப் பிறந்தநாள். இருபத்தேழு முடிகிறது. ரங்கூன் தமிழர்கள் பிறந்தநாளைக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வோம். அதோடு பர்மியர் மாதிரி மீனும் விடுவோம். உயிர் மீன் வாங்கி — வயசுக்கு ஒன்று, மேலே ஒன்று — ஏரியில் விட்டால் ஆயுசு கெட்டி. நாலு வருஷமாக அவன் பேரில் பாக்கியமே கண்டோஜி ஏரியில் விட்டு வந்தாள். இந்த வருஷம் அவன் கையாலேயே விடவேண்டும் என்றாள்.

குரிச்சிபா சந்தையில் மீன்களெல்லாம் ஐஸில் படுத்திருந்தன. உயிரோடு வேண்டுமென்றால் நாய், பூனை விற்கிற கடையில் தங்கமீன்தான் உண்டு. "கெளுத்தி இல்லியா? சரி, இதுவும் உசுருதானே" என்றாள். இருபத்தெட்டு மீன், நாலு பிளாஸ்டிக் பை. அந்தக் கண்ணாடிக் குழாயில் ஆளுக்கொரு பையோடு நின்றோம், எனக்கு மட்டும் இரண்டு. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல ஜனங்கள்.

ஏரிக்கரை. பாக்கியம் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். செந்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். நான் முதல் பையின் முடிச்சில் கை வைத்தேன் — விசில்!

காவலர் ஒரு பெண். சைக்கிளில் வந்தார். அவர் போர்த்துகீசில் பேச, செந்தில் தமிழில் சொன்னான். "கடை மீனை ஏரில விடக் கூடாதாம்மா."

"புண்ணியத்துக்குன்னு சொல்லுடா!"

சொன்னான். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாகிவிட்டது. சத்தம் போடுகிற அதிகாரியைச் சமாளிக்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. பொறுமையாகக் காரணம் சொல்கிறவரை என்ன செய்வது? கரையில் நின்ற ஒரு கொக்கைக் காட்டி நிதானமாக ஏதோ சொன்னார். செந்தில் தயங்கினான்.

"என்னடா சொல்றாங்க?"

"இதெல்லாம் தொட்டில வளர்ந்ததாம்மா. அங்க போனா தப்பிக்கத் தெரியாதாம். சாயந்தரத்துக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சாதாம். இருக்கிற எடத்துல இருந்தா நெறைய வருஷம் உசுரோட இருக்குமாம்."

பாக்கியம் கொக்கைப் பார்த்தாள். பிறகு, முழங்கால் தண்ணீரில் பையோடு நின்ற மகனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாதே" என்றாள். பர்மியில், பரவாயில்லை. "மேல ஏறி வாடா."

மீன்களை அவன் ஃப்ளாட்டுக்கே கொண்டுவந்து பாத்டப்பில் விட்டோம். அப்புறம் நாங்கள் மூவரும் வாளியில்தான் குளித்தோம். அது வேறு கதை. அன்று மாலை பையன் லேப்டாப்பைத் திறந்து, "டிக்கெட் பாக்கட்டுமாம்மா?" என்றான்.

பாக்கியம் தொட்டியோரம் குந்தியிருந்தாள். திரும்பவில்லை.

"எப்படிடா வருவே? இருபத்தெட்டு உசுரு இங்க கெடக்கு. யாரு எரை போடுறது?"

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டு..."

"அடுத்தவங்கள நம்பியா? வேணாம்டா. நீ இங்கயே இருந்து பாத்துக்க."

அவன் லேப்டாப்பை மூடினான். நான் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். நிம்மதியில்தான் என்று நினைக்கிறேன்.

ரங்கூன் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. லைன் கிடைக்கிற நாளெல்லாம் வீடியோ காலில் பாக்கியத்தின் முதல் கேள்வி, "மீனெல்லாம் எப்படி இருக்கு?" நேற்று ஒன்று செத்துவிட்டதாகச் செந்தில் சொன்னான்.

அவள் பதறிப்போய்ச் சொன்னாள் — "இன்னைக்கே போயி ரெண்டு வாங்கிப் போடு."