சாப்பிடாத பாம்பும் அசோக் நகர் ஜெனிதாவும்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜெனிதா கேட்கிற முதல் கேள்வி, “பிளக் பாய்ண்ட்டு எங்க கீது?” என்பது. இரண்டாவது, “ஏசி எத்தினில வெச்சிக்கிறீங்க?” இவற்றுக்கு விடை கிடைத்த பிறகுதான் பாம்பு இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் அருகில் செல்வார். அங்கும் உடனே மூடியைத் திறப்பதில்லை. புறங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் பதித்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அரை நிமிடம் நிற்பார். பெரும்பாலான வீடுகளில் அந்த அரை நிமிடத்திலேயே அவர் முகம் கடுத்துவிடும்.

ஜெனிதாவுக்கு வயது நாற்பத்து நான்கு. மீனவக் குடும்பம், கணவர் செபஸ்தியான் இன்றும் கடலுக்குப் போகிறவர். ஜெனிதா அசோக் நகரில் ஒரு கால்நடை மருத்துவரின் கிளினிக்கில் பதினாறு ஆண்டுகளாக உதவியாளர். மருத்துவர் பார்ப்பது நாயும் பூனையும். பாம்பு சாப்பிடவில்லை என்று தொலைபேசி வந்தால், “ஜெனிதா, உன் கேஸ்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். ஆறு ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒரு மலைப்பாம்பைச் சிகிச்சைக்கென்று கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பி வரவேயில்லை. ஐந்து மாதம் எதையும் தொடாத அந்தப் பாம்பைத் தின்ன வைத்தவர் இவர். கற்றதெல்லாம் அந்த ஐந்து மாதங்களில்தான்.

நம் வீடுகளில் இப்போது வளர்க்கிறார்களே, அது ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொள்ளும் இனம். விஷமில்லை, பரம சாது. வாரம் ஓர் எலி தின்றுகொண்டிருக்கும், ஒருநாள் நிறுத்திவிடும். ‘அடம் பிடிக்கிறது’ என்பார்கள் வீட்டார். அந்தச் சொல் ஜெனிதாவுக்கு ஆகாது.

“அடம் புடிக்க அது இன்னா எல்கேஜி கொயந்தயா? துன்னலன்னா ஒரு காரணம் கீது. பாம்பாண்ட கோச்சிக்காத, ஊட்டப் பாரு.”

வீட்டைப் பார்த்தால் காரணம் அகப்பட்டுவிடுகிறது. தோல் உரிப்பதற்கு முன் பாம்பின் கண் பாலாடை படிந்ததுபோல் மங்கும். அந்த நாள்களில் அது உண்ணாது. ஆதம்பாக்கத்தில் ஒருவர் அதைக் கண்புரை என்று தாமே முடிவுகட்டி, தம் தகப்பனாரின் சொட்டு மருந்தை வேளை தவறாமல் ஊற்றிவந்தார். மேற்கு மாம்பலத்தில் ஒருவர், பாம்பு வசதியாக இருக்கட்டுமென்று ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கி, ஒளிந்துகொள்ள ஒரு சட்டிகூட வைக்காமல் விட்டிருந்தார். “அரமன கட்டிக்கிறே நைனா, ஆனா கதவு வெக்கல” என்று சொல்லிவிட்டு, விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தார் ஜெனிதா. மயிலாப்பூரில் சுப்பராமன் என்பவரோ, தம் பாம்புக்குப் புற்றுநோய் என்றே நம்பியிருந்தார். எடை போட்டுப் பார்த்தபோது ஐம்பது கிராம்கூடக் குறையவில்லை. “வியாதியும் இல்ல ஒண்ணும் இல்ல சார். ஆம்பளப் பாம்பு, மார்கழி மாசம். பொண்ணு தேடிக்கினு கீது. தானா துன்னும், நீங்க போயி காப்பி குடிங்க.”

மின்விசிறி வாங்கினால் உடன் வரும் தாளை இருமுறை படிக்கிற மனிதர்கள், ஓர் உயிரை வாங்கும்போது அதன் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். இதைக் கண்டு எனக்கு வரும் கோபத்தை நான் நாகரிகம் கருதி அடக்கிக்கொள்கிறேன். ஜெனிதா அடக்குவதில்லை. கோபம் ஏறுவதற்கு அவரிடம் ஓர் அடையாளம் உண்டு: ‘சார்’ போய் ‘நைனா’ வந்துவிடும்.

சென்ற ஏப்ரலில் தியாகராய நகரில் எங்கள் எதிர்வீட்டுக்கு அவரை அழைத்துவந்தேன். ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஆனந்தகுமார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டு மலைப்பாம்பு பதினாறு வாரமாக உண்ணவில்லை. எடை ஆயிரத்து நானூறு கிராமிலிருந்து ஆயிரத்து நூற்றுமுப்பதுக்கு இறங்கியிருந்தது. வெளியே தார் உருகும் வெயில்; கூடத்துப் பெட்டிக்குள் ஜெனிதாவின் வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. அந்தப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கமேனும் முப்பத்திரண்டு இருந்தாக வேண்டும். அடியில் போடும் சூட்டு விரிப்பு இருந்தது. அதன் பிளக்கைத்தான் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மின்விளக்குச் சரம் செருகப்பட்டிருந்தது. ஆனந்தகுமாரின் மனைவி தாரணிக்கு அது சாமி. கண்ணாடியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சுற்றிலும் விளக்கு எரியவிட்டு, வெள்ளிதோறும் பெட்டிக்குள்ளேயே சாம்பிராணி காட்டிவந்தார்.

“இது இன்னா சார், மீன் பொட்டியா? எங்கூட்டுக்காரு வஞ்சிரத்தத்தான் இப்டி வெப்பாரு. செத்ததுக்கு அப்பறம்.”

“விருந்தாளுக வந்து போற எடம்லா? ஏசி இல்லாம எப்படிம்மா?” என்றார் ஆனந்தகுமார்.

“அப்ப பொட்டிய உள் ரூமுக்கு மாத்து.”

“நாலு பேரு பாக்கதுக்குத்தானம்மா வாங்குனோம்? உள்ள கொண்டு வைக்கதுக்கா?”

“நாலு பேர் பாக்கணும்னா பெரிய டிவியா வாங்கிக்க நைனா.”

அந்தச் சமயத்தில் பாம்பை விற்ற கடைக்காரர் பொன்ராஜ் வந்து சேர்ந்தார். வீட்டார் அவரையும் வரச்சொல்லியிருந்தார்கள். கையில் நீளமான இடுக்கி. பொட்டலத்தில் ஒரு செத்த எலி.

“வாயத் தொறந்து உள்ள தள்ளிட்டா மேட்டர் ஓவர்க்கா.”

“ஒனக்கு காச்சல்ல வாய் கசக்கும்போது ஒங்கம்மா பிரியாணிய தொண்டையில தள்ளிச்சா?”

“நா எத்தினி பாம்புக்குத் தள்ளிக்கிறேன், தெர்மா?”

“எத்தினி உயிரோட கீது? அத்த சொல்லு.”

பொன்ராஜ் இடுக்கியைத் துடைக்கலானார். ஜெனிதா வீட்டாரின் பக்கம் திரும்பினார். பாம்புக்குத் தன் உடலில் சொந்தச் சூடு கிடையாது. குளிர்ந்த வயிற்றில் எலியைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். பாம்பு அதனாலேயே சாகும். இவ்வளவையும் அவர் சொன்னது ஒரே வாக்கியத்தில்: “ஐஸ் பொட்டியில சோறு வேவுமா?”

பிறகு மூடியைத் திறந்து, பாம்பை இரு கைகளிலும் தாங்கி எடுத்து, தாரணியின் முன் நீட்டினார். சாமி என்று அதுவரை தொட்டறியாதவர் தாரணி.

“முதுகத் தொட்டுப் பாரும்மா.”

தாரணி ஒரு விரலால் தொட்டார். முதுகெலும்பு வரப்புபோல் துருத்திக்கொண்டிருந்தது.

“சாம்பிராணி காட்டக் கூடாதா?” என்று கேட்டார், மெதுவாக.

“ஒங்க சாமிய நா ஒண்ணும் சொல்லலம்மா. சாமி போட்டோவாண்ட காட்டு. இது நாக்காலதான் வாசன புடிக்கும். பொகையில எலி எங்க கீதுன்னே அதுக்குத் தெரியாது, மூச்சும் முட்டும்.”

தாரணி போய் விளக்குச் சரத்தின் பிளக்கைத் தம் கையாலேயே பிடுங்கினார். பொன்ராஜ் எழுந்தார்.

“செத்துப்போனா என்னாண்ட வராதீங்க.”

“வரமாட்டோம் நைனா. துன்னா போன் பண்றேன், வந்து கத்துக்கினு போ.”

ஆனந்தகுமார் மட்டும் இறங்கி வரவில்லை. “பதினாலு நாளு பாப்பேன். அதுக்கு மேல இவரத்தான் கூப்புடுவேன்” என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

பெட்டி உள்ளறைக்குப் போயிற்று. மூன்று பக்கமும் கறுப்புத் துணி, உள்ளே கவிழ்த்த மண்சட்டி, அடியில் சூடு. தண்ணீர் மாற்றுவது தவிர எவரும் கை வைக்கக்கூடாது என்பது உத்தரவு. எட்டாம் நாள் ஜெனிதா எலி கொண்டுவந்து காட்டினார். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது. ஜெனிதா வெப்பமானியை மறுபடி பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். “சூடு சரியாத்தான கீது” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போனார்.

பதினான்காம் நாள் மாலை ஆறு மணி. பொன்ராஜை மறுநாள் காலை வரச்சொல்லி ஆனந்தகுமார் பேசி முடித்திருந்தார். ஜெனிதா செத்த எலியை வெந்நீரில் போட்டு உயிர்ச்சூடு ஏற்றி, துணியில் ஒற்றி, இடுக்கியால் வாலைப் பிடித்துச் சட்டியின் வாயருகே காட்டினார். தலை வெளியே வந்தது. நாக்கு இருமுறை நீண்டது. பிறகு அசைவேயில்லை. ஜெனிதா மணிக்கட்டை மட்டும் நூலளவு அசைத்தார், எலி உயிரோடிருப்பதுபோல்.

பாய்ந்ததை நாங்கள் பார்க்கவில்லை. சட்டி அதிர்ந்த ஓசைதான் கேட்டது. பார்த்தபோது பாம்பு எலியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. விழுங்கத் தொடங்கும்வரை மூச்சுவிடும் ஓசைகூடக் கூடாது. அஞ்சினால் அப்படியே விட்டுவிடும். தாரணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனிதாவின் தோளுக்குப் பின்னால், படமெடுக்க ஆனந்தகுமாரின் கைப்பேசி உயர்ந்தது. அதன் வெளிச்சம் பளீரென்று சுவரில் விழுந்தது.

ஜெனிதா திரும்பவில்லை. வெறும் இடுக்கியை வலக்கை அந்தரத்தில் அசையாமல் பிடித்திருக்க, இடக்கையைப் பின்னால் நீட்டி, அந்த வெளிச்சத்தைத் தம் உள்ளங்கையால் முழுதும் பொத்தினார்.