காரைக்காலில் நான் தவறாகப் படித்த கடிதம்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குத் திருச்சியில் ரயில் ஏறினேன். காரைக்காலுக்குச் சாதாரணக் கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரை வண்டி நாலு மணி நேரத்தில் கடக்கிறது. தஞ்சாவூர் வரை நின்றுகொண்டே போனேன். திருவாரூரில் கூட்டம் இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. நாகூர் தாண்டியதும் பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி வண்டிகள் நின்றன. துறைமுகத்திலிருந்து வருபவை. ஜன்னல் கம்பியைத் தொட்ட கை கறுத்துவிட்டது.

காரைக்காலுக்கு நான் முதல்முறை வந்தது முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால், கல்லூரித் தோழியின் அக்கா கல்யாணத்துக்கு. இது இரண்டாவது முறை. நடுவில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டேன்.

பத்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். நான் போகவேண்டிய கலைக்கூடத்தின் பெயரைச் சொன்னேன், ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை. மாதா கோயில் வீதிப் பக்கம், வெளிநாடு போனவர்களின் சாமான்களை வைத்திருக்கிறார்களே என்றதும் சிரித்தார்.

"போனவங்க வீடுன்னு சொல்லுங்க. எண்பது ரூபா குடுங்க, ஏறுங்க."

அவர் அண்ணன் ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் வெல்டராக இருந்தாராம். அண்ணனின் தலைக்கவசம் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, பார்க்காமல் போய்விடாதீர்கள் என்று சொல்லித்தான் இறக்கிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர் காலத்து மாடி வீடு அது. உயரமான மரக் கதவுகள், மஞ்சள் சுண்ணாம்புச் சுவர். நடத்துபவர் சுலைஹா, நாற்பது வயதிருக்கும், பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய வாப்பாவின் குடும்பம் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தது. பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை ஊருக்கென்று திறந்துவிட்டார். ஊரைவிட்டுப் போனவர்களும் ஊருக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு பொருள் கொடுக்கலாம். அதற்கான விவர அட்டையைப் பொருள் கொடுத்தவரே தன் வார்த்தையில் எழுத வேண்டும், ஒரு எழுத்தைக்கூடச் சுலைஹா மாற்றமாட்டார். சைகோன் அரக்குப் பெட்டி, கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த பாட்டுப் பெட்டி, ஐஸ் ஆலையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவரின் தாயார் தைத்த போர்வை என்று ஏழு அறைகள் நிறைந்திருந்தன. பின்கட்டில் சிமெண்ட் மேடை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் யாராவது பாடுவார்கள், நடிப்பார்கள்.

பிரெஞ்சுத் தாள்களின் தமிழாக்கம் சரிதானா என்று பார்த்துக்கொடுக்கத்தான் சுலைஹா என்னை அழைத்திருந்தார். மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிக்கு மாடி அறையில் வேலையைத் தொடங்கினேன். பென்ஷன் தாள்களும் ராணுவச் சான்றிதழ்களும்தான் அதிகம். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. பக்கத்தில் அட்டை:

'என் தம்பி மரியநாதன் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம். ஐந்து வயதில் அத்தையோடு பிரான்சுக்குப் போனான். உன்னை எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவிட்டான். கொடுத்தவர்: பிலோமினா, தையல்காரர்.'

கடிதத்தைப் படித்தேன். அத்தை இறந்துவிட்டார், வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தது. அடுத்த வரி: 'ழ நத்தாங் க த்வா.' பிரெஞ்சில் வினைச்சொல்லுக்கு முன்னால் அந்த 'ந' வந்தால் பெரும்பாலும் மறுப்பு. ஆனால் பின்னால் 'க' சேர்ந்துவிட்டால் அர்த்தம் வேறு. 'உன்னை மட்டும்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' அதைத்தான் தம்பி எழுதியிருந்தார்.

பிழையைப் பார்த்த கணத்தில் அது யாருடைய பிழை என்பதும் தெரிந்துவிட்டது. அன்று அந்தக் கல்யாண வீட்டின் பின்னறையில், ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்த தையல்கார அக்கா, எல்லாரும் வெளியே போனதும் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "பாப்பா, நீ பிரெஞ்சு படிக்கிறியாமே?" நான் அப்போது இரண்டாம் வருஷ மாணவி, பிரெஞ்சு எனக்கு இரண்டாம் மொழி. தெரிந்த சொற்களைப் பொறுக்கி, தெரியாதவற்றைத் தாண்டி, தடங்கலில்லாமல் படித்துச் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு மறுபடி ஊக்கு வைக்கக் குனிந்தார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கீழே போய்ச் சுலைஹாவிடம் சொன்னேன். தம்பி மவுத்தாகி நாலு வருஷமாகிறது, லியோனிலிருந்து அவர் மகள் அனுப்பிய துக்க அட்டை மட்டும் வந்தது என்றார். பிறகு, "இப்பச் சொல்லி அவங்களுக்கு என்ன ஆகப்போவுது அக்கா? உங்க இஷ்டம். அட்டைய நான் மாத்தமாட்டேன், அது அவங்க எழுதினது" என்றார்.

அட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணியதை மறைத்துப் பயனில்லை. அவருக்கு என் முகம் நினைவிருக்கப்போவதில்லை. பிரெஞ்சு தெரிந்த வேறொருவர் வந்து பார்த்தாலும் என் பெயர் வராது.

நாலு மணிக்குப் பிலோமினா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அறுபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பள்ளி மாணவிகள் பத்துப் பன்னிரண்டு பேர் அவருக்காகவே காத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் அவர் அந்தக் கடிதத்தின் கதையைச் சொல்வாராம். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பிள்ளையில்லாத அத்தையும் மாமாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். தமிழ் மறந்துபோன தம்பி பிரெஞ்சில் எழுத, பங்குச் சாமியார் படித்துச் சொல்வார். சாமியார் மாற்றலாகிப் போன பிறகு வந்தது இந்தக் கடிதம். ஊர்க்காரரிடம் கொடுத்தால் குடும்ப விஷயம் வெளியே போகுமென்று, ஒரு வெளியூர்ப் பெண்ணைப் படிக்கச் சொன்னாராம்.

"ரெண்டே வரியில அக்காவ முடிச்சுட்டான்" என்று நிறுத்தினார். அப்புறம் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வெறும் வாழ்த்து அட்டை வந்தது, நான் பதில் போடவில்லை, அவனும் விட்டுவிட்டான் என்று முடித்தார்.

மாணவிகள் இறங்கிப் போனதும், அந்த வெளியூர்ப் பெண் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வரியை விளக்கினேன். அவர் சுலைஹாவிடம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கடிதத்தை என் கையில் கொடுத்து, முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன். 'மாடியில் ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்' என்றொரு வரி இருந்தது. அன்று அதை நான் தாண்டிப் போயிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

"சின்னப் புள்ள, தப்பாப் படிச்சிருப்ப. அத வுடு" என்றார். அதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவர். "படிக்கத் தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் வேற யாருகிட்டயாச்சும் காட்டியிருப்பேன்."

கடிதத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

புதிய அட்டை எழுதித் தருகிறீர்களா என்று சுலைஹா மெதுவாகக் கேட்டார். பிலோமினா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "இது இனிமே இங்க வேணாம்மா. என்னைக் கூப்புட்டு எழுதுனது." அட்டையையும் அவரே எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

ஆறு மணிக்குப் பின்கட்டில் ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர் மத்தளம் வைத்துப் பாடினார்கள். காரைக்கால்மேட்டுப் பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். கல்லூரி மாணவர்கள் எழுந்து ஆடினார்கள். மொழி புரியாமலே எல்லாருக்கும் பிடித்திருந்தது. பிலோமினா கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அருகில் போய், லியோனில் இருக்கும் தம்பி மகளுக்கு நடந்ததை எழுதலாம், நான் பிரெஞ்சில் எழுதித் தருகிறேன் என்றேன்.

"நீ வேணாம்" என்றார். கோபம் இல்லை. "ஸ்கூல்ல ஒரு சிஸ்டர் இருக்காங்க. அவங்கள வெச்சு எழுதிக்கிறேன்."

லாட்ஜ் அறைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, சுலைஹாவிடம் விடைபெறப் போகையில், பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து பிலோமினா வந்துகொண்டிருந்தார். பார்க்காததுபோல் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"அந்த வரிய அவன் வாயால எப்படிச் சொல்லியிருப்பான்? சொல்லு."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், நாக்கு இடறியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. இன்னொரு தடவை தனக்கே சொல்லிக்கொண்டு, தலையசைத்துவிட்டு, குடையை விரித்து நடந்தார். கூடவே நடக்கத் துணிவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

மதியம் திரும்பும் ரயிலில் இடம் தாராளமாகக் கிடைத்தது. திருச்சியில் எங்கள் தெருவில் எனக்குப் பிரெஞ்சு டீச்சர் என்றுதான் பெயர். விசா தாள், பிறப்புச் சான்று, வெளிநாட்டு மருமகளின் கடிதம் என்று இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். காபி கொடுத்து உட்காரவைத்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு தாளையாவது, எனக்கு இது புரியவில்லை, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று திருப்பிக் கொடுத்த நினைவு இல்லை. தஞ்சாவூர் தாண்டும்வரை அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். பலர் வீடு மாறிப் போய்விட்டார்கள். சிலரின் பெயரே எனக்குத் தெரியாது.