ஒரு வரிசைக் கொழுந்து

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய அம்சவேணி அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான். யாரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

ஏழு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அப்போதே கல்யாணமாகியிருந்த அவருடைய அக்கா வேலாமணி அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய பெண்கள் தேயிலையை விட்டுத் தையல் ஆலைக்குப் போனார்கள், தொழில் கற்றார்கள், சம்பளம் ஏறியது, சொந்த வீடே கட்டிவிட்டார்கள். ஃபோனில் அதைக் கேட்ட நாளெல்லாம் அம்சவேணி அக்கா என்னிடம் வந்து நிற்பார்: "நமக்கு எப்போ தம்பி?"

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். வாய் சும்மா இருக்குமா? எஸ்டேட்டில் பாதியை ரிசார்ட் ஆக்கினபோது, "போங்கக்கா. ஆளுங்க தோட்டத்தை விட்டு வேற தொழிலுக்கு நகர்ந்தாத்தான் நாடு வளரும்" என்றேன். மீதிப் பாதியில் கிள்ளும் வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு, என்னை நம்பி ரிசார்ட்டில் பேர் கொடுத்தார். தோட்டத்திலோ ரிசார்ட்டிலோ வேலை இருக்கிறவரைதான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு.

ரிசார்ட்டில் ஆலையும் இல்லை, கற்றுக்கொள்ளத் தொழிலும் இல்லை. அறை துடைக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு வரிசைத் தேயிலையை, விருந்தாளிகள் படமெடுக்கவென்றே கிள்ளாமல் விட்டிருந்தார்கள். கொழுந்தை முற்றவிட்டால் மேஸ்திரி ஏசுவார். அந்த ஏச்சிலேயே வளர்ந்த கை அக்காவுடையது. ஒரு மத்தியானம் துடைத்து முடித்ததும் இறங்கிப்போய், வரிசை முழுவதையும் கிள்ளி, மடி நிறையக் கட்டி, சிரித்த முகமாக மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் அந்தத் துளிருக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுக்க ஏற்பாடாகியிருந்தது.

"யாரும்மா உன்னைக் கிள்ளச் சொன்னது?"

"முத்திப் போகுதேன்னு கிள்ளிட்டனுங்க. கூலியெல்லாம் வேண்டாமுங்க."

அன்றைக்கே வேலை போயிற்று. நான் போய்க் கெஞ்சினேன். தோட்டத்திலும் ஐம்பது தாண்டியவர்களைத் திரும்பச் சேர்ப்பதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டைக் காலி செய்யச் சாமான் கட்டப் போனேன், பாவி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, துளிக் கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

"ஏன் தம்பி, இப்படி நகர்ந்து போனவங்கல்லாம் எந்த ஊட்டுல போய்ப் படுத்தாங்க? உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"இல்லக்கா" என்றேன். சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.