கருவாட்டுத் தண்ணீர் குடித்த ரோஜா

முதல் நாள் அரிசி களைந்த தண்ணீர் மறுநாள் காலையில் லேசாகப் புளித்து வீசுமே, அதுதான் எனக்குக் குன்னூர் மலையின் வாசம். ஊரார் யூகலிப்டஸ் என்றால் சண்டைக்குப் போகமாட்டேன், ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். எங்கள் வீட்டார் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். குன்னூர் எஸ்டேட்டிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளை "லயம்" என்பார்கள், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தைப் "பீலி" என்பார்கள். பீலியிலிருந்து மேடேறிச் சுமந்த தண்ணீர் எங்கள் வீட்டில் ஒரு வேலையோடு ஓய்ந்ததே இல்லை. அரிசி களைந்தது ஜெரேனியத்துக்கு, காய் கழுவியது பிகோனியாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் அலசியது ஜன்னலோரம் பெயிண்ட் டின்னில் நின்ற சிவப்பு ரோஜாவுக்கு என்று அம்மா பங்கு பிரித்து வைத்திருந்தாள். "மீன் தண்ணி குடிச்ச ரோசா தட்டு அகலத்துக்குப் பூக்கும்" என்பாள்.

தேயிலை விலை விழுந்த காலத்தில் எஸ்டேட் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ரோலர் மிஷினில் நின்ற அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அம்மா இத்தலார் பக்கம் கேரட் பிடுங்கப் போனாள். லயத்து ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள், சிலர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்பாவும் போய்விடுவாரோ என்ற பயம் அம்மாவை அரித்தது. "செடியப் பாக்க ஆளில்லைங்க, நீங்கதான் தண்ணி ஊத்தணும்" என்று, குடித்த டம்ளரைக்கூடக் கழுவி அறியாத மனிதரிடம் செடிகளை ஒப்படைத்தாள். அப்பாவும் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற கவனத்தோடு ஊற்றினார்.

வேலை போனதோடு மத்தியும் போய், வீட்டுக்குக் கருவாடு வந்தது. மீன் தண்ணீர் ரோஜாவுக்கு என்பதை அப்பா பிசகாமல் கடைப்பிடித்து, கருவாடு ஊறிய தண்ணீரை வாராவாரம் ஊற்றியிருக்கிறார். உப்பை யார் நினைத்தது? இலைகள் ஓரம் கருகி, கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. அம்மா மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கருவாட்டுத் தண்ணியா ஊத்துனீங்க?" அவ்வளவுதான் கேட்டாள்.

"ஒரு செடிய வளக்கத் துப்பில்ல எனக்கு. இங்க ஒக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்?" என்ற அப்பா, துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் தலையில் குட்டுகிற அம்மா, குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து, டின்னின் அடி ஓட்டை வழியாக உப்பெல்லாம் ஓடட்டும் என்று முழுசாகக் கவிழ்த்தாள். செடியைக் கட்டையாக வெட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"தளிர் விடுதா இல்லையான்னு இருந்து பாத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி போனா பாவம் உங்களுக்குத்தான்."

அப்பா பையை இறக்கி வைத்தார். தினமும் காலையில் அந்தக் கட்டையின் எதிரே குந்தி உட்காருவார். தளிர் வந்தது. மழை ஓய்ந்து, ஃபேக்டரியில் மறுபடி சங்கு ஊதிய பிறகு ஒரு மொட்டும் விரிந்தது. பார்த்தால் வெளிறிய ரோஸ் நிறம், பக்கத்து வீட்டு அத்தையின் செடியில் பூக்கிற அதே பூ. அம்மா செத்த கட்டையைப் பிடுங்கிவிட்டு அங்கே வாங்கிய குச்சியை நட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவோ, "நம்ம ரோசா பொழச்சிருச்சு" என்று பறித்து அம்மாவிடம் நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினாள்.

இன்று அந்த லயத்துக்குக் கூரை இல்லை, பீலி இருந்த இடம் புதராகிவிட்டது, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். நிறம் மாறியது அன்றைக்கு உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று போன வாரம் கேட்டேவிட்டேன்.

"குச்சிய மாத்துன அன்னிக்கே தெரியும்மா, முள்ளு வேற மாதிரி இருந்துச்சு" என்றார். "எனக்கு மட்டும் உங்கள விட்டுட்டுப் போகணும்னா இருந்துச்சு?"