சிவப்பணுவும் பேச்சியம்மாவின் பாகற்காயும்

ஊசி குத்துவதைவிட ரிசல்ட்டை நீட்டுவதுதான் எங்கள் தொழிலில் வலிக்கிற வேலை. வெறும் வயிற்றோடு கதிரையில் காத்திருந்து பழகிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

இரண்டு நாள் வெந்தயம்

கண்டியில் நான் இரத்தம் எடுக்கும் லாப்புக்குத் துணிக்கடை ஹாஜியார் வந்தார். இரண்டு நாளாக வெந்தயத் தண்ணீர்தானாம். சீனி கட்டாயம் இறங்கியிருக்குமாம். சீனி சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும், அந்த அணு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும் என்று மெதுவாக விளக்கினேன். முகம் வாடிவிட்டது.

“அப்ப பெருநாளைக்குத் திண்ட வட்டிலப்பமும் அதுக்குள்ள இரிக்குமா மகன்?”

கசப்பு

பேச்சியம்மா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். கண்ணில் புரை. சீனி இறங்கினால்தான் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் சித்திரை வருசத்துக்கு லீவில் வருகிறாள். அவள் முகம் போனில் பனிமூட்டம் மாதிரித்தான் தெரிகிறதாம்.

அந்த அவசரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் பாகற்காய்ச் சாறு குடித்திருக்கிறார். ரிசல்ட் ஏறியிருந்தது. பாகற்காயிலும் கறிவேப்பிலையிலும் உள்ள சத்துகள் சிவப்பணுவைக் காக்குமா என்று ஆராய்கிறார்கள்தான். அதற்காக மாத்திரையை விடலாமா? டொக்டரிடமே திருப்பி அனுப்பினேன்.

“இம்புட்டுக் கசப்பக் குடிச்சும் எறங்கலயா தம்பி?”

இறக்கம்

மூன்று மாதம் கழித்து வந்தார். மாத்திரை தவறவில்லை, பிளேன்டீக்குச் சீனி இல்லை, பாகற்காய் கறியாக மட்டும். இறங்கியிருந்தது! என்னைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

“கட்டு பிரிக்கையில எம்மகளத்தான் மொதல்ல பாக்கணும். டொக்டரு கொஞ்சம் ஒதுங்கிக்குவாரா தம்பி?”

தெளிந்த கண்

ஒப்பரேஷன் முடிந்து அடுத்த டெஸ்டுக்கு வந்தவர், ஊசியைக் கண்டதும் முதல்முறையாகக் கையை இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. “மகள் வந்தாச்சா அம்மா?” என்றேன். குவைத் வீட்டுக்காரர்கள் லீவு கொடுக்கவில்லையாம். இன்னும் போனில்தான் பார்க்கிறாராம். நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

“இப்பத் தெளிவாத் தெரியுது தம்பி. ரொம்ப எளைச்சுப் போயிருக்கா. எங்கிட்டச் சொல்லவே இல்ல.”

மூன்று மாதச் சீனியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிற சிவப்பணு, அந்த மூன்று மாதமும் பேச்சியம்மா யாருக்காகச் சீனியை விட்டார் என்பதை மட்டும் ரிசல்ட்டில் காட்டுவதில்லை.