வெள்ளிக்கிழமையும் ஒரு லாரி டியூபும்

போன வாரம் எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளத்தில் நான் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி இளைஞர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர், "அங்கிள், சின்ன வயசுலயே கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. முப்பத்தி நாலு வயசுல."

"அவ்ளோ லேட்டாவா! எந்த கிளப்?"

"கிளப்பெல்லாம் இல்ல. ஜெபல் அலி கடல்ல."

அவர் என்னை நம்பவில்லை. அவருக்கு ஜெபல் அலி என்றால் கப்பல்கள், கன்டெய்னர்கள். எங்களுக்கு அது மணல், கடல், காற்று... அப்புறம் நாங்கள். எழுபதுகளின் கடைசியில், வளைகுடாவில் அந்தத் துறைமுகத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கட்டினேன் என்றால் கல் சுமக்கவில்லை. டிராயிங் ஆபீசில் உட்கார்ந்து கோடு போட்டேன்.

குடியிருப்பு நகரத்துக்குள், சத்வா என்ற பகுதியில். இரண்டு அறை. கீழே தையல் கடை. மேலே நான், மனைவி சுகந்தி, நாலு வயது மகள் தீபா, பிறகு ஜன்னலில் ஒரு ஏ.சி. அந்த ஏ.சி. ஓடும்போது ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் இல்லறம் இனிமையாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சுகந்தி சொல்வாள்.

மலையாளி கடையில் முருங்கைக்காய் வியாழக்கிழமை வரும். வந்த அரை மணியில் தீர்ந்துவிடும். ஊர்க் கடிதம் வர பத்து நாள். தொலைக்காட்சியில் அரபி, நமக்குப் புரியாது. அப்படியானால் பொழுது எப்படிப் போயிற்று? நன்றாகவே போயிற்று! சனி முதல் வியாழன் வரை வேலை. வெள்ளிக்கிழமை கடல்.

வெள்ளி காலையில் சுகந்தி புளியோதரை கிளறுவாள். நான் ஐஸ் பெட்டியில் தண்ணீரும் ஆரஞ்சும் அடுக்குவேன். பழைய ஜப்பான் காரில் ஏறி, சாலையில் ஒட்டகம் இருந்தால் அது நகரும்வரை காத்திருந்து, ஜெபல் அலிப் பக்கம் ஆளில்லாத கரைக்குப் போய்விடுவோம். வாரம் முழுக்க வேலை செய்த இடத்துக்கே லீவு நாளிலும் போவானேன் என்று கேட்காதீர்கள். சைட்டைத் தாண்டிக் கொஞ்சம் போனால் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். இலவசம் வேறு.

எனக்கு முப்பத்தி நாலு வயதான வருடம் எங்கள் சைட்டின் டயர் கடைப் பட்டாணியர் எனக்கு ஒரு பழைய லாரி டியூப் கொடுத்தார். மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. காற்று அடித்தால் ஒரு சோபா அளவுக்கு உப்பிக்கொள்ளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீச்சல் தெரியாதவருக்கு எதுக்குங்க டியூப்?" என்றாள் சுகந்தி.

"நீச்சல் தெரிஞ்சவனுக்கு எதுக்கு டியூப்?" என்றேன்.

தர்க்கத்தில் நான்தான் ஜெயித்தேன்.

ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை. அந்த வாரம் சைட்டில் பெரிய கான்கிரீட் வேலை. நாலு நாள் சரியான தூக்கம் இல்லை. காலையில் எட்டு இட்லி வேறு. முழங்கால் ஆழத்தில் டியூபைப் போட்டு, அதன்மேல் மல்லாந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். சுகந்தியும் தீபாவும் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிலத்துப் பக்கமிருந்து இதமாகக் காற்று. ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று நினைத்தேன்.

விழித்தபோது கால் சில்லென்றிருந்தது. துண்டை எடுத்தேன். கரையைக் காணோம்.

இல்லை, இருந்தது. பழுப்பாக ஒரு கோடு. கோட்டின்மேல் பச்சையாக ஒரு புள்ளி. அது சுகந்தியின் புடவை.

என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கத்தினேன். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தள்ளினேன். டியூப் அதே இடத்தில் வட்டமாகச் சுற்றியது. பிறகு ஒரு காலை மெல்ல இறக்கி, தரை எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டவில்லை. காலைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டேன். தீபா இன்னும் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. சுகந்திக்கு அந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூட அவளுக்குத் தெரியாது.

கடவுள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். ஐந்தாறு பேர் ஆனதும் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. கறுப்பாக, சீராக, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சார்! கைய கால ஆட்டாதீங்க! அப்படியே கெடங்க!"

தமிழ்! தலை கிட்டே வந்து டியூபைப் பிடித்தது. எனக்கு மூச்சு வந்தது. முகத்தைப் பார்த்தேன்... வந்த மூச்சு மறுபடி நின்றது.

காத்தமுத்து. எங்கள் சைட்டில் ஷட்டரிங் கார்பெண்டர். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடைப்பவர். என் வயதுதான் இருக்கும். பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார்.

எனக்கு ஏன் மூச்சு நின்றது? அதற்கு முந்தைய புதன்கிழமையைச் சொல்ல வேண்டும். ஒரு கான்கிரீட் சுவரில் பைப் நுழைவதற்கான ஓட்டை ஓர் அடி கீழே அமைந்துவிட்டது. சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. ஃபோர்மேன் காத்தமுத்துவைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "டிராயிங்ல அப்படித்தான் சார் இருந்திச்சு" என்றார் காத்தமுத்து. நான் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டிராயிங் சரியாத்தான் இருக்கு. படிக்கத் தெரியலன்னா கேக்கணும்" என்றேன். அவருக்கு எழுத்தில் வார்னிங் கொடுத்தார்கள். இன்னொன்று கிடைத்தால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அவர் கையில் என் டியூப்.

அவர் முதலில் என்னைக் கரைப்பக்கம் தள்ளிப் பார்த்தார். நாலு முழம் போனால் காற்று ஐந்து முழம் திருப்பித் தள்ளியது. நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்.

"இது ஆவாது சார். நீங்க பாய் மரம் மாதிரி நிமுந்து உக்காந்திருக்கீங்க, காத்து புடிக்குது. நடுவுல எறங்கி, கால உள்ள உட்டுட்டு, டியூப்பக் கட்டிப் புடிங்க."

"தண்ணியிலயா?"

"பின்ன எங்க?"

இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். அவர் இடுப்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேன் கட்டியிருந்தார். அதில் குடிதண்ணீர். ஒரு வாய் கொடுத்தார்.

"இப்ப என்ன பண்றது காத்தமுத்து?"

"ஒண்ணும் பண்ண வேணாம். காலைல தரைக்காத்து. உச்சி வெயில் ஏறினா கடல் காத்து திரும்பும். அதுவே நம்மளக் கொண்டு போயி உட்டுடும். நம்ம ஊர்லயும் அப்படித்தான்."

"திரும்பலன்னா?"

"திரும்பும் சார்."

வேதாரண்யம் பக்கம் ஆறுகாட்டுத்துறை அவர் ஊர். மீன்பிடிக் குடும்பம். படகு பழுது பார்ப்பாராம். உளி பிடிக்கத் தெரியும் என்று ஏஜென்ட் கார்பெண்டர் விசாவில் அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் ஆட்களோடு வந்து, எங்கள் இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கரையிலிருந்து தூண்டில் போடுவாராம். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தார். சுகந்தி அலறியது கேட்டு ஓடி வந்தவர், "அம்மா, பயப்படாதீங்க. மதியம் கொண்டாந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கடலில் பாய்ந்திருக்கிறார். ஏதோ தபாலைக் கொண்டு வருவது மாதிரி!

கரையில் அவருடைய நண்பர்கள் ஒரு கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே மிதந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். இரண்டு ஆண்கள், ஒரு டியூப், பேச்சு தீர்ந்துவிட்டது. மனதில் இருந்தது தானாக வெளியே வந்தது.

"காத்தமுத்து, உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"கோவம் இல்லாம? நெறையா இருக்கு. கரைலயே வச்சிட்டு வந்துருக்கேன் சார். அதையும் தூக்கிக்கிட்டு நீஞ்ச முடியுமா?"

நான் டியூபின் ஒட்டுகளை எண்ணினேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். அந்தப் படத்துல மேலேருந்து பாக்குற மாதிரி ஒண்ணு இருக்குல்ல, பக்கத்துலேருந்து பாக்குற மாதிரி இன்னொண்ணு இருக்குல்ல. ரெண்டுலயும் ஒரே அளவா போட்டுருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒன்றைத்தான் பார்த்தேன்.

"நாளைக்குப் பாக்கறேன்" என்றேன். கடல் நடுவில் மிதக்கும் ஒருவன் நாளை என்ற சொல்லை எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறான் பாருங்கள்!

பிறகு காற்று அடியோடு நின்றது. கடல் எண்ணெய் மாதிரி ஆயிற்று. அந்த அமைதி எனக்கு முந்தைய காற்றைவிடப் பயமாக இருந்தது. காத்தமுத்து மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தூரத்துத் தண்ணீர் ஒரு பட்டையாகக் கறுத்தது.

"காத்து வந்துடுச்சு. ஏறி உக்காருங்க சார். இப்ப நல்லா நிமுந்து உக்காருங்க!"

என் உடம்பின் பருமன் பயன்பட்டது அன்றுதான். காற்று முதுகில் அறைந்தது. அவர் பின்னாலிருந்து உதைத்து நீந்தினார். பச்சைப் புள்ளி புடவை ஆயிற்று, புடவைக்கு முகம் வந்தது. நாங்கள் ஒதுங்கிய இடத்துக்கு சுகந்தி மணலில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பின்னால் தீபாவைத் தூக்கிக்கொண்டு கேம்ப் ஆட்கள்.

என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். காத்தமுத்துவின் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு, "அண்ணா, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். புளியோதரை முழுவதும் அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் போயிற்று. எனக்கு ஒரு ஆரஞ்சு கிடைத்தது. அதை அவளே உரித்து, ஒவ்வொரு சுளையாக என் கையில் வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீசுக்குப் போனதும் அந்தப் படத்தை விரித்தேன். மேலிருந்து பார்க்கும் படத்தில் திருத்திய அளவு. பக்கவாட்டுப் படத்தில் பழைய அளவு. சரியாக ஓர் அடி வித்தியாசம். ஒன்றைத் திருத்தியவன் இன்னொன்றை மறந்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து.

உடனே எழுந்து போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. படத்தைச் சுருட்டினேன். டீ குடித்தேன். மறுபடி விரித்தேன். சுவரை உடைத்தாகிவிட்டது, விஷயம் முடிந்துபோயிற்று, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது... இப்படியெல்லாம் மனசு எவ்வளவு அழகாக வாதாடுகிறது! பதினொரு மணிக்குத்தான் எங்கள் பிரிட்டிஷ் இன்ஜினியர் அறைக்குப் போய்ப் படத்தை மேஜைமேல் வைத்தேன்.

"தப்பு என்னுது. கார்பெண்டர் படத்துல இருந்தபடிதான் செஞ்சிருக்கார்."

அவர் இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "புதன்கிழமை வேற மாதிரி சொன்னியே?"

"புதன்கிழமை நான் சரியா பாக்கல சார்."

அரை மணி நேரம் ஆங்கிலத்தில் நல்ல வசவு. என் பெயரில் ஒரு வார்னிங். காத்தமுத்துவின் வார்னிங்கை என் கண்முன்னாலேயே கிழித்தார். நான் வெயிலில் நடந்து சைட்டுக்குப் போய், ஃபோர்மேன் பக்கத்தில் நிற்கும்போதே விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

காத்தமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார். "சரி சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த வெள்ளி வருவீங்கல்ல? டியூப் வேணாம். நீங்க மட்டும் வாங்க" என்றார்.

போனேன். நாலு மாதம் இடுப்பளவு தண்ணீரில் என் வயிற்றுக்கடியில் கை கொடுத்து நீந்த வைத்தார். தீபா இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள். சுகந்தி எட்டுப் பேருக்குப் புளியோதரை கிளறப் பழகிக்கொண்டாள். அவர்கள் பிடித்த மீனைக் கரையிலேயே சுட்டார்கள். நாங்கள் சைவம். ஆனாலும் வாசனை பிடிக்கத் தடை ஏதும் இல்லையே!

ஒரே சைட்டில் இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறோம். அதுவரை அவர் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. என் பெயர் என்ன என்று அவர் கேட்டதில்லை. நான் "சார்", அவர் "கார்பெண்டர்". வளைகுடாவில் நம்மவர்களைப் பிரித்து வைக்க அரபியோ வெள்ளைக்காரரோ தேவைப்படவில்லை. ஏ.சி. அறைக்கும் வெயிலுக்கும் நடுவில் இருந்த ஒரு கண்ணாடிக் கதவு போதுமானதாக இருந்தது.

தன் தவறை ஒப்புக்கொள்ள ஒரு மனிதன் நடுக்கடல்வரை போக வேண்டுமா என்ன? எனக்கு வேண்டியிருந்தது!